பம்பு செட்டுத் தொட்டியில் மூன்று முழுக்கு

குறுக்கு இழையைக் கொண்டு ஓடுகிற நாடா மூன்றைப் போட்டு நெய்யும் பட்டுச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உடலையும் இடக்கரையையும் தறிக்காரர் பார்த்துக்கொள்வார். வலக்கரைக்கு இன்னொருவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உடல் நாடா ஓடி வரும்போதெல்லாம் கரை இழையை அதோடு கோத்துவிட்டுக் கரை நாடாவைத் தள்ள வேண்டும். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பல வீடுகளில் அந்த இன்னொருவர் கூலிக்கு வருகிறவர். எங்கள் வீட்டில் தறிக்காரர் என் புருஷன், பக்கத்தில் நான். அறுபதுகளின் கடைசி அது, எனக்கு இருபத்திரண்டு வயது.

வலக்கரைக்கு உட்கார்ந்தவள் நினைத்த நேரத்தில் எழுந்து போக முடியாது. நான் கையை எடுத்தால் சேலை நின்றுவிடும். அதோடு தறி கூடத்தையே அடைத்துக்கொண்டிருந்தது. தெருவாசல் அவர் பக்கம், அடுப்படி என் பக்கம். நான் வெளியே போக வேண்டுமென்றால் அவர் மிதிகட்டை இருக்கும் தறிக்குழியிலிருந்து காலை எடுத்து எழுந்து வழிவிட வேண்டும், இல்லாவிட்டால் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவுக்கு அடியில் நான் ஊர்ந்து போக வேண்டும். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கடவுள் ஒருவரா மூவரா என்று ஒரு வருஷ காலம் என் புருஷன் என்னோடு வாதாடியது இந்த இடத்தில்தான். கேட்கப் பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம் என்கிற வசதி எனக்கு இல்லை.

நாங்கள் கிறிஸ்தவர்கள். என் புருஷனுடைய தாத்தா காலத்திலேயே மிஷன் கோயிலில் சேர்ந்த நெசவுக் குடும்பம். என் அப்பா மாகறல் பக்கத்தில் ஒரு சிற்றூரில் மிஷன் உபதேசியார். ஞாயிறு ஆராதனை நடத்துவார், பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்வார், சபை கொடுத்த ஓட்டு வீட்டில் குடியிருந்தார். அவருக்கு மேலே ஐயர். ஐயர் என்றால் கோபுரத்தடி ஐயர் அல்ல. எங்கள் குருவானவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

என் புருஷன் குடிப்பார். மதுவிலக்கு அமலில் இருந்த காலம்தான், ஆனால் ஓடைக்கரைச் சாராயத்துக்கு அதை யாரும் போய்ச் சொல்லவில்லை. அடிக்கிறவர் இல்லை. குடித்துவிட்டு வந்து தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து அழுவார். மறுநாள் கை நடுக்கத்தில் ஜரிகை அறுந்துகொண்டே இருக்கும். எனக்கும் அத்தைக்கும், அதாவது என் மாமியாருக்கும், அந்த அழுகையைக் கேட்பதைவிட இரண்டு அடி வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கும்.

அந்த நேரத்தில் தகரக்கொட்டகை போட்டு ஜெபக்கூட்டம் நடத்த ஒரு பாஸ்டர் ஊருக்கு வந்தார். யாரோ என் புருஷனை அங்கே இழுத்துக்கொண்டு போனார்கள். குடி நின்றது. ஒரே நாளில் நின்றது என்று இவர் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்வார். எனக்குத் தெரிந்து ஐந்து வாரம் ஆனது. ஆனால் நின்றது நிஜம். அத்தை அந்தத் தகரக்கொட்டகை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அந்தக் கூட்டத்தாருக்கு ஒரு கொள்கை இருந்தது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று ஆள் கிடையாது. ஒரே ஆள், அவருக்கு இயேசு என்று ஒரே நாமம். ஆகவே எங்கள் மிஷன் கோயிலில் மூன்று நாமத்தையும் சொல்லிக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, அந்த ஒற்றை நாமத்தில் மறுபடியும் தண்ணீரில் முழுக வேண்டும். இவர் இரண்டாம் மாதமே முழுகிவிட்டு வந்தார். வந்த மறுநாள் காலையில் தறியில் உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"நான் உனக்குப் புருஷன். எங்கம்மாவுக்குப் புள்ள. தூளியில கீற நம்ம பொண்ணுக்கு அப்பன். அதுக்குன்னு இன்னாமே, நான் மூணு ஆளா? ஒரே ஆளுதானே?"

"அப்போ யோர்தான் ஆத்துல இயேசு முழுகி எழுந்தாரே, மேலேருந்து 'இவர் என் குமாரன்'னு பேசுனது யாரு? அவரே மேல போய் நின்னுக்கினு கீழ இருக்கிற அவரைக் கூப்பிட்டாரா?" என்றேன்.

உபதேசியார் மகளைக் கட்டிக்கொண்டதன் பலன் இது. என் அப்பா உபதேசியார் பயிற்சிக்குப் போயிருந்தபோது சபைச் சரித்திரத்தைக் கோடு போட்ட ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். எங்கள் வீட்டில் கதைப்புத்தகம் கிடையாது. அதனால் மற்ற பெண்கள் ராஜா ராணி கதை படித்த வயதில் நான் ஆயர்கள், அதாவது பிஷப்புகள், போட்ட சண்டையைப் படித்தேன். குமாரன் பிதாவால் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது என்று எகிப்துப் பக்கம் ஒரு குரு சொல்கிறார். இன்னொருவர், மூன்றும் ஒரே ஆள் போட்ட மூன்று வேஷம் என்கிறார். ராயர், அதாவது ரோமச் சக்கரவர்த்தி, முந்நூறு ஆயர்களைக் கூட்டி வைத்து, பிதாவும் குமாரனும் ஒரே தன்மையா, ஒத்த தன்மையா என்று முடிவு பண்ணச் சொல்கிறார். முடிவு பண்ணிய பிறகும் சண்டை நிற்கவில்லை. தோற்றவர்கள் ஜெயிக்கிறார்கள், ஜெயித்தவர்களை ஊரைவிட்டுத் துரத்துகிறார்கள். அத்தனை பேருக்கு அங்கே யார் சமைத்துப் போட்டது என்று சின்ன வயதில் அப்பாவைக் கேட்டேன். அது நோட்டில் இல்லையம்மா என்றார்.

ஆக, இவர் சொல்வது எனக்குப் புதிது இல்லை. தறியில் அடுத்தடுத்து வந்து விழுந்த அவருடைய கேள்விகளுக்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஜெயிப்பது எனக்கு இனித்தது. கல்யாணமாகி அந்த வீட்டில் நான் ஜெயித்த ஒரே விஷயம் அதுதான். ஒருநாள் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டேன்.

"உங்க பாஸ்டர் சொல்றதை ரோமாபுரியில ஒருத்தர் அப்பவே சொன்னாரு. சபையை விட்டே தள்ளிட்டாங்க. ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போன பேச்சை இங்க கொண்டாந்து கடை விரிச்சிக்கினு இருக்கிறாரு."

அவர் கை நின்றது. என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அந்தச் செத்துப்போன பேச்சுதான் என்னைக் குழியிலேருந்து தூக்குச்சு. உங்கப்பன் நோட்டு தூக்கல."

அது நியாயமான பேச்சு. அவர் குடித்துக் கிடந்த காலத்தில் மிஷன் ஐயர் ஒருமுறை வந்து புத்தி சொல்லிவிட்டுப் போனார், அவ்வளவுதான். அன்றைக்கு முழுவதும் அவர் இழையை வெடுக்கென்று இழுக்க, நான் வேண்டுமென்றே தொய்யவிட, கரையும் உடலும் சேரும் கோர்வை பாம்பு போனது போல் நெளிந்துவிட்டது. மறுநாள் ஒரு சாண் நெசவை இரண்டு பேரும் குனிந்து உட்கார்ந்து பிரித்தோம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது பாஸ்டர் சொல்லி அனுப்பினார். புருஷன் ஒரு நாமத்திலும் பெண்டாட்டி மூன்று நாமத்திலும் இருக்கிற வீட்டில் பிசாசுக்குக் கதவு திறந்தே இருக்கும். நான் முழுகாதவரைக்கும் இவரைக் கூட்டத்தில் சாட்சி சொல்ல விட மாட்டார்கள். இவருக்கு அந்தச் சாட்சிதான் எல்லாம். வாரம் முழுக்க அந்த ஐந்து நிமிஷத்தை நினைத்துக்கொண்டு சாராயத்தின் பக்கம் போகாமல் இருந்தவர்.

இது எப்படியோ மிஷன் ஐயர் காதுக்கும் எட்டியது. அவர் சைக்கிளில் வந்து இறங்கி, தறி மறித்ததால் உள்ளே வர முடியாமல், வாசற்படியில் நின்று பாவுக்கு மேலாக என்னிடம் பேசினார். மறு ஞானஸ்நானம் எடுப்பவர்களைச் சபை நீக்கும். தன் மகளையே காத்துக்கொள்ளாத உபதேசியார் சபையை எப்படிக் காப்பார் என்று கமிட்டியில் கேட்பார்கள். "உங்கப்பா நல்ல ஊழியர்மா. அந்த வயசுல அவரு வீட்டைக் காலி பண்ணிக்கினு எங்கே போவாரு? யோசிச்சுக்கோ." என் புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்து நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. நான் முழுகினால் அப்பாவுக்கு வேலையும் வீடும் போகும். முழுகாவிட்டால் இவர் மறுபடியும் ஓடைக்கரைக்குப் போவார். பரலோகத்தில் யார் யாரோடு எப்படிச் சேர்ந்திருக்கிறார்கள் என்கிற சண்டையில் நான் இங்கே வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை, பாவு மாற்றுகிற நாள், குழந்தையை அத்தையிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி அப்பாவிடம் போனேன். நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். திட்டுவார், போகாதே என்று கட்டளை போடுவார், அதைச் சாக்காக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்காகப் பார்க்காதம்மா. உன் மனசாட்சி இன்னா சொல்லுது?" என்றார்.

"மனசாட்சிக்கு எங்க நைனா நேரம்? நீங்க ஒரு பக்கம் இழுக்கிறீங்க, அவரு ஒரு பக்கம் இழுக்கிறாரு" என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் கேட்டார்: "அவங்க எத்தனை முழுக்குக் கொடுக்கறாங்க?"

"ஒண்ணு."

உடனே எழுந்து பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் தேடினார். "இதோ பாரு. ஆதி சபையில மூணு முழுக்குத்தான் வழக்கம். குமாரனைப் படைக்கப்பட்டவர்னு சொன்ன கூட்டத்துல ஒரு பிரிவு மட்டும் ஒரே முழுக்குக் குடுத்தாங்க. அவங்க திரும்பி வந்தாக்கா, ஞானஸ்நானமே எடுக்காதவங்களா நெனச்சுத்தான் சேத்துக்கணும்னு ஆயருங்க எழுதி வெச்சிருக்கிறாங்க. அதாவது, அது முழுக்கே இல்ல!" அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவர்மேல் எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எனக்கு ஒரு வழி கேட்டு வந்தால், இவர் ஒரு அடிக்குறிப்பைக் கொடுக்கிறார்.

சாயந்திரம் வீட்டுக்குத் திரும்பினேன். அத்தை வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மத்தியானம் சட்டையை மாட்டிக்கினு போனான்மா. பின்னாலயே போய்ப் பார்த்தேன். ஓடைக்கரைச் சந்து முனையில நின்னுக்கினு இருந்தான். உள்ள போகல. ரொம்ப நேரம் சும்மா நின்னுக்கினே இருந்தான். பேரு எதுவா இருந்தா இன்னாம்மா? ஒரு தண்ணிதானே. முழுகிட்டு வந்துடேன்."

உள்ளே அவர் புதுப் பாவைத் தறியில் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குற்றம் செய்த பிள்ளை போல் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சரி, முழுகுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு விவசாயியின் பம்பு செட்டில் ஞாயிறு காலையில் ஏற்பாடு. அவர் எங்கள் மதத்தைச் சேர்ந்தவர் இல்லை. நல்ல மனுஷர், நெல்லுக்குப் பாய்ச்சுகிற தண்ணீரில் நாலு பேர் முழுகினால் என்ன குறைந்துவிடும் என்று விட்டிருந்தார். சிமெண்டுத் தொட்டி, மார்பளவு தண்ணீர். மழை விட்டு லேசாக வெயில் அடித்தது. கூட்டத்தார் பத்துப் பதினைந்து பேர் வரப்பில் நின்று பாடினார்கள். அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என் புருஷன் முதல் ஆளாக நின்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

தொட்டிக்குள் இறங்கியதும் குளிர் எலும்பில் ஏறியது. நாலு பக்கமும் சுவர். பாஸ்டர் ஒரு கையை என் முதுகுக்குக் கொடுத்து, ஒரு கையால் தலையைப் பிடித்து, ஒற்றை நாமத்தைச் சொல்லிப் பின்னால் சாய்த்து முழுக வைத்தார். தண்ணீருக்குள் சத்தம் எதுவும் இல்லை. தூக்கிவிட்டார். வரப்பில் அல்லேலூயா என்று கத்தினார்கள். பாஸ்டர் கையை விட்டார். ஏறி வா என்று என் புருஷன் கையை நீட்டினார்.

நான் ஏறவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு நானே ஒருமுறை முழுகினேன். எழுந்தேன். மறுபடியும் முழுகினேன். இந்தத் தடவை முடிந்தவரைக்கும் உள்ளேயே இருந்தேன். பம்பு மட்டும் தடதடவென்று ஓடுவது சுவர் வழியாகக் கேட்டது. மூச்சு முட்டியதும் எழுந்துவிட்டேன்.

எல்லோரும் சிலையாக நின்றார்கள். பம்பு செட்டு விவசாயி மட்டும் திருப்தியாகத் தலையாட்டினார். அவர் கோயில் குளத்தில் முழுகிப் பழகியவர். "அம்மா கரெக்டா மூணு முழுக்குப் போட்டுச்சு. இவுருதான் ஒண்ணோட வுட்டுட்டாரு" என்றார்.

பாஸ்டருக்கு முகம் கறுத்துவிட்டது. ஒற்றை நாமத்தில் கொடுத்ததை நான் மூன்றாக்கி அழித்துவிட்டேன், இது முழுக்காகக் கணக்கில் வராது என்று அங்கேயே சொல்லிவிட்டார். ஈரப் புடவையோடு வரப்பில் நடந்து வந்தேன். என் புருஷன் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவர் ஓடைக்கரைக்குப் போவார் என்று அத்தையும் நானும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். போகவில்லை.

அடுத்த வாரம் மிஷன் கமிட்டி அப்பாவை விசாரணைக்குக் கூப்பிட்டது. அவர் நோட்டை எடுத்துக்கொண்டு போனாராம். ஒரே முழுக்கு ஞானஸ்நானம் அல்ல என்று ஆதி ஆயர்களே தீர்த்திருக்கிறார்கள். மற்ற இரண்டும் அவளாகவே போட்டது, தனக்குத்தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்ள யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே என் மகள் மறு ஞானஸ்நானம் எடுக்கவில்லை, பம்பு செட்டில் குளித்தாள் என்று வாதாடினாராம். கமிட்டியில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஐயர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, சரி என்றார். அப்பாவின் வேலை தப்பியது. வாழ்நாளில் அவர் ஜெயித்த ஒரே வாதம் அது. அதை நேரில் வந்து எனக்குச் சொன்னபோது சின்னப் பையன் மாதிரி குதூகலமாக இருந்தார். அந்தத் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்தது என்று அவர் கேட்கவில்லை.

ஆக, தகரக்கொட்டகையும் மிஷன் கோயிலும் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. நான் முழுகவே இல்லை என்பதுதான் அது. கொஞ்ச நாளில் பாஸ்டரும் மனமிரங்கி, பெண்டாட்டி செய்ததற்கு இவர் என்ன செய்வார் என்று இவரை மறுபடியும் சாட்சி சொல்ல விட்டார். எல்லோருக்கும் வேண்டியது கிடைத்தது. எனக்குப் பத்து நாள் சளிக்காய்ச்சல் இருந்தது.

காய்ச்சல் விட்டு முதல் நாள் தறியில் உட்கார்ந்தேன். மாம்பழ நிற உடல், அரக்குக் கரை. பம்பு செட்டிலிருந்து வந்ததிலிருந்து அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. நாடா போய் வந்துகொண்டிருந்தது. ஒரு விரற்கடை நெய்திருப்போம், கண்ணை இழையிலிருந்து எடுக்காமல் கேட்டார்.

"ஏம்மே மூணு போட்ட?"

நோட்டில் இருந்த பதில்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அதில் ஒன்றையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஒண்ணு உங்களுக்கு" என்றேன். "ஒண்ணு எங்க நைனாவுக்கு."

அவர் காத்திருந்தார். உடல் நாடா என் கைக்கு வந்து நின்றது.

"மூணாவது எனக்குன்னு நெனச்சுதான் முழுகுனேன். அதுக்குள்ள மூச்சு முட்டிப்போச்சு."

நான் கரை இழையைக் கோத்து நாடாவைத் தள்ளினேன்.